மாதாவின் படகு காய்ந்த விதம்

“பூசின பெயின்ட்ட உரிங்க. தொட்டி முழுக்க மறுபடி பிளாஸ்டிங் அடிக்கணும்.”

மிர்னா இதைச் சொன்னபோது கப்பல் பட்டறையின் சாப்பாட்டு மேசையில் பெயின்டிங் பிரிவு மொத்தமும் உட்கார்ந்திருந்தது. ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. காலைச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே யாரும் வேலைப் பேச்சு எடுப்பதில்லை. பூசி முடித்த பெயின்ட்டை உரிக்கச் சொல்லி எந்த நேரத்திலும் யாரும் பேச்சு எடுத்ததில்லை.

அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே ஃபிரானே அதைச் சொல்லி வைத்திருந்தார். ஃபிரானே பிரிவுக்கு ஃபோர்மன், அவளுக்கு ஞானத்தகப்பன், பட்டறையில் எல்லோருக்கும் ‘பார்பா’, அதாவது பெரியவர். “பூசறதுக்கு முன்னாடி ஆயிரம் குத்தம் சொல்லு, கேட்டுக்கறேன். பூசின பிறகு உரின்னு மட்டும் சொல்லாத. அது இங்க கெட்ட வார்த்தை.” அன்றைக்கு அவள் சிரித்தாள். ஸ்ப்ளிட் நகரத்தில் பொறியியல் முடித்து, பூச்சு ஆய்வாளராக, அப்பா வேலை பார்க்கும் பட்டறைக்கே திரும்பி வந்த மிதப்பு. அவள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். எதைக் கேட்டாலும் சிரிக்கத் தோன்றிய நாள் அது.

“உக்காரு,” என்றார் ஃபிரானே. “மீன் ஆறுது.”

அவள் உட்காரவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு பெயின்ட் தோலை எடுத்து, மீன் தட்டுக்குப் பக்கத்தில் குப்புறப் போட்டாள். உள்ளங்கை அகலம். மேல்பக்கம் சிவப்பு பிரைமர், இரும்பின்மேல் ஏறும் முதல் பூச்சு. அடிப்பக்கம் முழுக்க மஞ்சள் துரு.

வெல்டர் பெப்போதான் அதைக் கண்டுபிடித்தவன். தீவுக்குப் போகும் ஃபெர்ரி அது. அதன் அடிவயிற்றில் கடல்நீரை நிரப்பிக் கப்பலை நிலையாக வைக்கிற தொட்டிக்குள் விட்டுப்போன ஒரு தாங்கியை ஒட்டவைக்கப் போயிருந்தான். பற்றவைக்கும் இடத்தைச் சுற்றி பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளபளக்கும்வரை தேய்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் பெயின்ட் எரிந்த புகை இணைப்புக்குள் மாட்டிப் பொத்தல் விழும். கிரைண்டரை வைத்ததுதான் தாமதம், பெயின்ட் பால் ஆடை மாதிரி எழுந்து வந்துவிட்டது. கிரைண்டரை அணைத்துவிட்டு மிர்னாவைக் கூப்பிட்டான். “நீ பாத்ததா இருக்கட்டும். என் பேர இழுக்காத,” என்றான். அவள் அங்கே இங்கே கத்தியால் கீறிப் பார்த்தாள். ஆள் இறங்கும் துளையைச் சுற்றிக் கை எட்டும் தூரம்வரை மட்டும் பெயின்ட் இரும்பைக் கவ்விப் பிடித்திருந்தது. அதைத் தாண்டினால் எல்லாம் ஆடைதான்.

“துருவ எல்லாம் இஞ்சினியரம்மா புஸ்தகத்துல பாத்திருப்பாங்க,” என்று மேசைக் கோடியிலிருந்து ஒரு குரல் வந்தது. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

“புஸ்தகத்துல இல்ல. எங்க அப்பா சட்டையில. எங்கம்மா அடிச்சுத் துவைக்கும்போது பாத்தேன்.”

சிரிப்பு நின்றது. அவள் அப்பா ஷிமே அதே மேசையில்தான் இருந்தார். பட்டறையின் பிளாஸ்டிங்காரர். பொடிக்கல்லைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி இரும்பைச் சுத்தம் செய்கிறவர். வாழ்நாளெல்லாம் அந்தத் தூசிக்குள் நின்றதால் இரண்டு வார்த்தைக்கு நடுவில் ஒரு இருமல் இருமுவார். இப்போது இருமவும் இல்லை.

பிளாஸ்டிங் அடித்த இரும்பு தோலுரித்த உடம்பு மாதிரி. தெற்கிலிருந்து யூகோ காற்று வீசினால், கடலின் ஈரமும் உப்பும் அதில் ஒட்டி, வெள்ளையாக இருந்தது பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளாகும். அதனால் யூகோ நாட்களில் தொட்டியை மூடி, இயந்திரத்திலிருந்து தடித்த குழாய் வழியே உலர்ந்த காற்றை உள்ளே விட்டுக்கொண்டே இருப்பார்கள், பிரைமர் ஏறும்வரை. அந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது நியாஸ். போஸ்னியாக்காரன், ஒப்பந்த ஆள். மேசையின் ஓரத்தில் வீட்டிலிருந்து கொண்டுவந்த இறைச்சி ரொட்டியைத் தனியாகத் தின்றுகொண்டிருந்தான்.

“மெஷின் நின்னிருக்கும்,” என்றார் ஃபிரானே, தட்டைப் பார்த்தபடி. “திருநாளுக்கு முந்தின ராத்திரி. நியாஸ் தூங்கிட்டான். வேற என்ன.”

“நான் தூங்கினா குறட்டை எங்க ஊரு ஜெனிட்சா வரைக்கும் கேக்கும்,” என்றான் நியாஸ். “என் பொண்டாட்டி அங்கிருந்து ஃபோன் பண்ணித் திட்டியிருப்பா. மெஷின் நிக்கல, பார்பா. விடிய விடிய ஓடிச்சு.”

“அப்ப தொட்டிக்கு எப்படி ஈரம் வந்துச்சு?” மிர்னா கேட்டாள்.

“மெஷின் ஓடிச்சுன்னுதான் சொன்னேன். குழாய் எங்க இருந்துச்சுன்னு நான் சொல்லல.” அவன் ரொட்டியைக் கடித்தான். அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. அவன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறவர் ஃபிரானே. ஆனால் அவன் கண் ஒரு தடவை ஷிமேயின் பக்கம் போய்த் திரும்பியது. ஷிமே ரொட்டித் துணுக்கை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார்.

மிர்னாவுக்கு அந்த நொடியில் நீல நிறம் ஞாபகம் வந்தது.

ஜெபமாலை மாதா திருநாள். மாதா சொரூபத்தைச் சின்னப் படகில் வைத்து, தோளில் தூக்கித் துறையெல்லாம் சுற்றி வருவார்கள். படகுக்கு ஒவ்வொரு வருஷமும் பட்டறைக்காரர்கள்தான் பெயின்ட் அடிப்பது. முன்வரிசையில் நின்று தூக்குகிறவர் ஷிமே. இந்த வருஷம் திருநாளுக்கு முந்தின வாரம் முழுக்க யூகோ. ஊரில் ஒரு வீட்டிலும் துணி காயவில்லை. அம்மா தலையணை உறைகளை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அப்படியிருந்தும் திருநாள் காலையில் படகு மொரமொரவென்று காய்ந்து, நீலமாக மின்னியது. வெள்ளைக் கையுறை போட்ட பெண்கள் அதைத் தொட்டு முத்தமிட்டார்கள். ஒரு கையுறையிலும் கறை இல்லை.

அவள்தான் கேட்டாள். “இந்த யூகோவுல எப்படிப்பா காய வெச்சீங்க?”

“நானா காய வெச்சேன்? மாதா காய வெச்சா,” என்றார் அப்பா. அவள் சிரித்து, அவர் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். பெயின்ட் எப்படிக் காய்கிறது, எதனால் காயாமல் போகிறது என்பதைப் படித்துப் பட்டம் வாங்கியவள் கொடுத்த முத்தம் அது.

பவனி துறையைச் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் ஃபிரானேயின் ஆட்கள் இரண்டு பேர் தொட்டிக்குள் இறங்கியிருக்கிறார்கள். துளைக்குப் பக்கத்தில் மட்டும் கம்பித் தூரிகை போட்டு மினுக்கிவிட்டு, மீதியில் மஞ்சள்மேலேயே பிரைமரை ஏற்றியிருக்கிறார்கள். மறுநாள் அவள் வந்தபோது ஃபிரானே சொன்னார், “திருநாளும் அதுவுமா உன்ன எதுக்கு அலைய விடணும்னு முடிச்சிட்டோம்.” பூசுவதற்கு முன் பார்க்க வேண்டியவள் அவள். அன்று அதைச் சொல்லியிருக்கலாம். கத்தியை எடுத்து ஒரே ஒரு கீறல் போட்டிருந்தால் போதும். எல்லாம் வீட்டுச் சண்டையாக, ஞானத்தகப்பனின் நாலு வசவோடு முடிந்திருக்கும். வெளியாள் யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் பெயின்ட்டின் தடிமனை மட்டும் அளந்து பார்த்தாள். தடிமன் சரியாக இருந்தது.

இப்போது கப்பலுக்குச் சான்று கொடுக்கிற அதிகாரி தலைநகர் சாக்ரெப்பிலிருந்து வந்து, மேலே மேனேஜர் அறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

ஃபிரானே கத்தியைத் துடைத்து மடக்கினார். “சரி. நீ கேட்டது நியாயம். உரிக்கறேன். தொட்டி முழுக்க அடிக்கறேன், நல்ல தண்ணியில கழுவறேன், புதுசாப் பூசறேன். சந்தோஷமா?”

அவள் இதை எதிர்பார்க்கவில்லை.

“அதிகாரி ஏன்னு கேப்பாரு. மெஷின் ஆளு தூங்கிட்டான்னு சொல்லு. அவ்வளவுதான். ஏஜென்சி வேற ஆள அனுப்பும். யாருக்கும் நஷ்டம் இல்ல.”

மேசையைச் சுற்றித் தலைகள் ஆடின. நியாஸ் டப்பாவை மூடி, தன் பொருள்களைப் பையில் வைக்க ஆரம்பித்தான். அவசரம் இல்லாமல், இதற்கு முன்பும் பல ஊர்களில் இதே மாதிரி பை கட்டியவனைப் போல.

ஷிமே எழுந்தார். கை கழுவும் தொட்டிப் பக்கம் அவளைத் தலையசைத்துக் கூப்பிட்டார். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினார், பேச்சு மேசைக்குக் கேட்காமல் இருக்க.

“ஒரு மணி நேரம்னுதான் நினைச்சேன்டா. தொட்டு முத்தம் கொடுக்கற படகு. எல்லார் கையிலயும் நீலம் ஒட்டுனா ஊரே சிரிக்கும். மெஷின் குழாயத் தொட்டியில இருந்து கழட்டிப் படகுக்குள்ள விட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒயின் வந்துச்சு. பாடினோம்.” ஒரு இருமல். “மறந்துட்டேன்.”

“நீங்களா?”

“நான்தான். விடிஞ்சு வந்து பாத்தேன். தொட்டி முழுக்க மஞ்சப்பூ பூத்த மாதிரி இருந்துச்சு. ஃபிரானே பாத்துக்கறேன்னுட்டான்.”

“மறுபடி அடிக்கணும்னா நீங்கதான் அந்தப் பொந்துக்குள்ள மண்டி போடணும், தெரியுமா?”

“போறேன். அதுக்கா பயப்படறேன்? முட்டி தேஞ்சாலும் போறேன்.” அவள் முழங்கையைப் பிடித்தார். “பேரு மட்டும் வேண்டாம்டா. அடுத்த வருஷம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் படகத் தொடுவேன்? நியாஸுக்கு என்ன. அவன் பேரு கெட்டா கவலைப்பட இந்த ஊர்ல யாரு இருக்கா?”

“அதனாலதான்ப்பா,” என்றாள்.

அவர் புரியாத மாதிரி பார்த்தார். புரிந்தது அவருக்கு. குழாயை மூடினார். அவள் கல்லூரிக்குப் போன வருஷங்களில் விடுமுறை நாளிலும் முகமூடி மாட்டிக்கொண்டு தூசிக்குள் போன மனிதர். அந்த நெஞ்சிலிருந்து வரும் விசில் சத்தம் இப்போது பக்கத்தில் கேட்டது. அந்த விசிலில் ஒரு பங்கு தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும். அதை யாரும் அவளிடம் சொல்லிக்காட்டியதில்லை. இன்றும் அவர் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் கோபப்பட வசதியாக இருந்திருக்கும்.

மிர்னா மேசைக்குத் திரும்பினாள். பெயின்ட் தோலை எடுத்துப் பையில் போட்டாள்.

“என்ன சொல்லப் போற?” ஃபிரானே கேட்டார். முதல் தடவையாக அவர் குரலில் ஃபோர்மன் இல்லை. “ஞானஸ்நானத்துல உன்னக் கையில ஏந்தினவன் கேக்கறேன்.”

“குழாய் எங்க இருந்துச்சுன்னு சொல்லப் போறேன்.”

“உங்கப்பன்டி.”

“தெரியும், பார்பா.”

“பூசினது நான்னும் சொல்லுவியா?”

“சொல்லுவேன். திருநாளுக்கு மறுநாள் வாய மூடிக்கிட்டு இருந்தது நான்னும் சொல்லுவேன்.”

நியாஸ் பை கட்டுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். நன்றி எதுவும் இல்லை அந்தப் பார்வையில். இவள் மாடிப்படி ஏறுகிறாளா பார்ப்போம் என்பது மாதிரி இருந்தது.

ஷிமே தன் இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். அவளுடைய தட்டை அவள் நாற்காலிக்கு நேராகத் தள்ளி வைத்தார். “சாப்பிட்டுட்டுப் போ,” என்றார், யாரையும் பார்க்காமல்.

அவள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டாள். கதவைத் தள்ளினாள். யூகோ இன்னும் வீசிக்கொண்டிருந்தது. கைப்பிடியின் இரும்பு ஈரமாக, பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. பின்னால் அப்பா இருமத் தொடங்கியது கேட்டது. மேனேஜர் அறைக்குப் போகும் படிகளை நோக்கி அவள் நடந்தாள்.