யார் வீட்டுப் பிரசவம்

ஞானபாய்க்கு ஒன்பதாம் மாதம் பிறந்திருந்தது. சுசீந்திரத்தில் அவள் மாமியார் வீட்டு முன்னறையில் அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முடிவை யார் சொல்வது என்று மரியாதைப் போட்டி ஒன்று நடந்துகொண்டிருந்தது. மயிலாடியிலிருந்து வந்த அவள் அப்பா ராஜமணி, இது இந்த வீட்டுப் பிரசவம், சம்பந்தியம்மா சொல்லுவதுதான் சொல் என்றார். மாமியார் நேசபாய் ஒத்துக்கொள்ளவில்லை. தலைப்பிரசவம் பெண் வீட்டில்தான். முதல் பிள்ளை தங்காததால் இதையே தலைப்பிரசவமாக எண்ணவேண்டும். ஆகவே சம்பந்திதான் முடிவு சொல்லவேண்டும். உரிமையை விட்டுக்கொடுப்பதில் இரண்டு பேரும் கடும் பிடிவாதமாக இருந்தார்கள். காப்பி இரண்டாம் முறையும் வந்துவிட்டது.

உள்ளறையில் இருந்த ஞானபாய்க்கு இந்த மரியாதையைக் கண்டால் பயம்.

நாலு வருஷத்துக்கு முன்பு மயிலாடியில் அவளுக்கு வலி கண்டபோது பிள்ளையின் தலை பாதி வழியில் நின்றுவிட்டது. இது என் கைக்கு அடங்காது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி செல்லத்தாய் மறுநாள் காலையிலேயே சொன்னாள். ஆனால் இன்னொரு வீட்டு மருமகளை அவர்களைக் கேட்காமல் கத்திக்குக் கொடுப்பதா? ராஜமணி சுசீந்திரத்துக்கு ஆள் அனுப்பினார். வெறுங்கையோடு அனுப்பலாமா என்று பழக்குலை வெட்டும்வரை அந்த ஆள் காத்திருந்தார். வந்தவரைச் சாப்பிடாமல் விடலாமா என்று நேசபாய் இலை போட்டாள். பெண் அங்கே இருக்கும்போது நாங்கள் என்ன சொல்ல, எல்லாம் சம்பந்தி இஷ்டம் என்று பதில் போனது. அப்படிச் சொன்ன பிறகு நாமாக முடிவு செய்தால் நன்றாயிருக்குமா என்று மறுபடியும் ஆள் வந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் பிள்ளை தானாகவே வெளியே வந்தது, உயிரில்லாமல். ஒரு வாரம் கழித்து அவளை அறியாமலே மூத்திரம் ஒழுகத் தொடங்கியது. பிறகு நிற்கவே இல்லை.

கோயில் ஆராதனையில் அவள் பின்வாசலோரம் தனிப்பாயில் உட்கார்ந்தாள். கல்யாணங்களுக்கு எல்லாரும் போக, கோழிகளுக்குக் காவலாக வீட்டில் இருந்தாள். ஊர் எழும்பும் முன்பே துணிகளை வாய்க்காலில் அலசினாள். மயிலாடி நுங்கு செய்த குளிர்ச்சி என்றாள் நேசபாய். சுசீந்திரத்து இளநீராகவும் இருக்கலாமே என்றார் ராஜமணி, மிகவும் பணிவாக. கடைசியில் குற்றம் செல்லத்தாயின் கையில்தான் என்பதில் மட்டும் இரண்டு வீடும் ஒத்துப்போயின.

போன வருஷம் மிஷன் ஆஸ்பத்திரியில் மூத்திரப்பை ஓட்டையைத் தைத்தார்கள். காரணத்தை நர்ஸ் சொன்னாள். புல்லின் மேல் வண்டிச்சக்கரம் நாள்கணக்கில் நின்றால் அடியிலுள்ள புல் பட்டுப்போகும். அதுபோலப் பிள்ளையின் தலை எலும்போடு வைத்து அழுத்தியதில், மூத்திரப்பையை ஒட்டிய சதை செத்து ஓட்டை விழுந்துவிட்டது.

"அப்போ நுங்கு இல்லியா?" என்று கேட்டாள் ஞானபாய்.

நுங்கும் இல்லை, செல்லத்தாயும் இல்லை, தாமதம்தான் என்றாள் நர்ஸ். அடுத்த பிள்ளையை வயிற்றைக் கீறித்தான் எடுக்கவேண்டும். வலி வரும் முன்பே வந்துவிடு, தலை மறுபடி முட்டினால் தையல் தாங்காது என்று டாக்டரம்மா எச்சரித்து அனுப்பினாள்.

மூன்றாவது காப்பிக்கு அடுப்பு மூட்டும் சத்தம் கேட்டது. ஞானபாய் தன் புருஷனை உள்ளே கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை அடக்கும் செல்வதாஸ் வாத்தியார் கதவோரம் வந்து நின்றான்.

"அத்தான், உங்களுக்கு என்ன தோணுது?"

"மாமா ஒரு வார்த்தை சொல்லட்டுமே. அம்மைக்கும் மனசு நோகக்கூடாதுல்லா."

"யாருக்கும் மனசு நோகாம இருந்துதான் எனக்கு ஓட்டை விழுந்தது."

அவன் அதைத் தலைகுனிந்து யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அவள் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக ரோட்டுக்கு நடந்தாள். நாகர்கோவில் பஸ் புறப்படும் நேரத்தில் செல்வதாஸ் மூச்சிரைக்க ஓடிவந்து ஏறினான்.

"மாமாகிட்ட சொல்லலியே."

"இறங்கிப் போய்ச் சொல்லிட்டு, அவிய என்ன முடிவு பண்ணுனாவன்னு கேட்டுட்டு வாருங்க. நான் அதுக்குள்ள பெத்துட்டு இருக்கேன்."

கண்டக்டர் சிரித்துவிட்டார். செல்வதாஸ் இறங்கவில்லை, இரண்டு டிக்கெட் வாங்கினான். நாகர்கோவிலில் மேற்கே ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸுக்காக எழுந்தபோது, ஞானபாய் பழைய வழக்கத்தில் தான் உட்கார்ந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

அந்த மாதக் கடைசியில் வயிற்றைக் கீறி ஒரு பெண்குழந்தையை எடுத்தார்கள். மூத்திரம் போக வைத்திருந்த ரப்பர் குழாயைக் கழற்றிய மறுநாள் காலை, கண் விழித்ததும் அவள் முதலில் விரிப்பைத்தான் தடவிப் பார்த்தாள். பிறகுதான் பிள்ளையைத் தொட்டாள்.

அன்று பார்வையாளர் நேரத்தில் வார்டு வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. ஆளுக்கொரு பழக்குலையோடு ராஜமணியும் நேசபாயும். நீங்கள்தான் முதலில் பார்க்கவேண்டும் என்று ஒருவர், அது எப்படி, நீங்கள் போங்கள் என்று மற்றவர். உள்ளே பிள்ளை பாலுக்கு அழத் தொடங்கியது.

"சிஸ்டர், ரெண்டு பேரையும் சேத்துப் பிடிச்சு உள்ளே தள்ளுங்க," என்றாள் ஞானபாய். "இல்லைன்னா இவ ஞானஸ்நானத்துக்குத்தான் உள்ளே வருவாவ."