ஞாயிற்றுக்கிழமை டயர்

பழைய ஸ்போர்ட்ஸ் காரை என் நைனா ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பார், சித்தூர் சர்ச்சுக்கு. மற்ற நாளெல்லாம் அது உறைக்குள் கிடக்கும். டயர் மாற்றச் சொல்லி நான் சண்டை போட்டு ரேணிகுண்டா டயர் கடைக்கு அழைத்து வந்தால், "காத்து மட்டும் அடிப்பா" என்கிறார் கடைக்காரரிடம்.

"பன்னெண்டு வருஷ ரப்பர் நைனா, நாலையும் மாத்து" என்றேன்.

"ரோட்டுல படுற பட்டன் தேயவே இல்ல. கண்ணு தெரியல உனக்கு?" என்று கத்தினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவர் கையிலிருந்த சாவியைப் பிடுங்கி, டயரின் பக்கவாட்டு வெடிப்பில் செருகிவிட்டுக் கையை எடுத்தேன். சாவி விழாமல் நின்றது.

நைனா அதையே பார்த்தார்.

"போன ஞாயித்துக்கெழம உன் மவன பக்கத்துல வச்சிக்கினு நூத்தி இருபதுல போனேன்டி."