சாம்பிராணி இல்லாத சனிக்கிழமை

சனிக்கிழமை பின்னேரங்களில் கொறற்றி புகைக்குள் இருப்பாள். தலை முழுகிவிட்டு வந்து பாயில் சாய்ந்தால், நோபர்ட் சிரட்டைத் தணலில் சாம்பிராணியைத் தூவி, பிரம்புக் கூடையைக் கவிழ்த்து, அவளுடைய நீண்ட கூந்தலை அதன்மேல் விரித்துவிடுவான். கூடையின் கண்களிலிருந்து புகை நூல் நூலாக எழும். அவனுடைய விரல்கள் ஈர முடியைப் பிரித்துக்கொண்டே போகும். இருவரும் பேச மாட்டார்கள். மாத்தளை டவுன் பஸ்களின் இரைச்சல் ஏதோ ஆற்றுக்கு அடியிலிருந்து வருவது போலக் கேட்கும். கலியாணமான புதிதில் அவள் வாரம் முழுக்கக் காத்திருந்தது அந்த நேரத்துக்காகத்தான்.

அவளுக்கு மூச்சிழுப்பு இருப்பது தெரிந்துதான் நோபர்ட் கட்டிக்கொண்டான். பெண் பார்த்துவிட்டுத் திரும்பும்போதே அவனுடைய அக்கா மார்ஜரி சொன்னாள். தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்தவள்; அந்த வீட்டில் அவள் சொல்தான் செல்லும்.

"பொண்ணு லெச்சணமாத்தான் இருக்கு. ஆனா நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி கத்துதேடா."

"கத்தட்டுங்க்கா. நம்ம வீட்டுல எலித் தொல்லை."

நோபர்ட்டுக்கு ஸெய்னுலாப்தீன் முதலாளியின் மிளகு கிராம்புக் கடையில் வேலை. அந்தத் தூசி அவளுக்கு ஆகாது என்று பின்பக்கக் குழாயில் குளித்த பிறகுதான் வீட்டுக்குள் வருவான். பஞ்சுத் தலையணைகளைத் தூக்கி வெயிலில் போட்டான். மார்ஜரியின் செல்லப் பூனை பக்கத்து வீட்டுக்குக் குடிபோனது. சாம்பிராணியை மட்டும் அவன் சந்தேகப்படவில்லை. தலையில் ஈரம் நின்றால் சளி கட்டும், சளி கட்டினால் இழுப்பு வரும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். ஈரத்தை வாங்குகிற புகை மருந்தல்லவா? முதலாளியே நல்ல கட்டியாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பார்.

ஆனால் ஞாயிறு பூசைக்கு நிற்கும்போது அவளுடைய நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கிவிடும். நற்செய்தி வாசித்து முடிவதற்குள் பெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உதடு நீலம் பாரித்து, திரீவீலரில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. மருந்துப் புகை பிடித்து, மூச்சுக்கு இழுக்கிற நீலப் பம்ப் ஒன்றோடு வீட்டுக்கு வந்தாள்.

"இந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கல்லடா தம்பி," என்றாள் மார்ஜரி. "முடிய வெட்டுன்னா கேக்க மாட்டேங்கிறீங்க. கொஞ்ச நாளைக்கி அம்மா வீட்டுல இருக்கட்டும்."

அக்காவின் குரலில் வஞ்சனை இல்லை, பயம்தான் இருந்தது. நோபர்ட் மறுத்துப் பேசவில்லை. அதுதான் கொறற்றிக்கு வலித்தது. கொஞ்ச நாள் என்று போனவர்கள் திரும்பி வராத கதைகள் அவளுக்குத் தெரியும்.

இரத்தோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசைக் காம்பராக்களில் ஒன்றில், அம்மா இருந்தாள். காலையில் எழுந்தால் மூடுபனி வாசல்வரை வந்து நிற்கும். மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் குளிரக் குளிரத் தலை முழுகிவிட்டு, பனி விலகியதும் வெயிலில் முடியை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மறுநாள் மூச்சு சும்மா போய் வந்தது. அடுத்தடுத்த வாரங்களிலும் அப்படித்தான்.

"பாத்தியா, நம்ம ஊர்க் காத்து," என்று அம்மா பூரித்தாள். கொறற்றியால் பூரிக்க முடியவில்லை. டவுன் காற்றுத்தான் எதிரி என்றால், அவள் புருஷன் அந்தக் காற்றில் அல்லவா இருக்கிறான்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை இரவு பக்கத்துக் காம்பராவில் அழகம்மா சாமிக்குச் சாம்பிராணி போட்டாள். வாசனை சுவர்மேல் ஏறி இந்தப் பக்கம் வந்தது. கொறற்றி கண்ணை மூடிக்கொண்டாள். தலைமுடிக்குள் அவன் விரல்கள் நடப்பது போலிருந்தது. அப்படியே சொக்கித் தூங்கிப்போனவளின் நெஞ்சுக்குள் விடிகிற நேரம் பூனைக்குட்டி மெல்லக் கத்தியது. எழுந்து வெளியே போய்ப் பம்பை இழுத்தாள். கொஞ்ச நேரத்தில் அது அடங்கியது. அந்தப் புகைதான் என்று விளங்கி, பனியில் நின்றபடி அவள் அழுதாள். மூச்சு முட்டியதால் வந்த அழுகை அல்ல அது.

தோட்டத்து டிஸ்பென்சரி டாக்டரும் அதையேதான் சொன்னார். "நீலப் பம்ப் இழுப்பு வந்தா எடுக்கிறது. இந்தாங்க, இந்த மண்ணிறப் பம்ப் வராம இருக்கிறதுக்கு. நல்லா இருக்கிற நாள்லயும் காலையும் அந்தியும் எடுக்கணும். எடுத்துட்டு வாயக் கொப்பளிங்க. தல முழுகுறதுல பிழையில்ல. புகைதான் ஆகாது."

"சாம்பிராணியுமா டாக்டர்?"

"அது என்ன, புகையில்லாமலா எரியுது?"

அடுத்த வாரம் சனிக்கிழமை அவள் மாத்தளைக்குப் பஸ் ஏறினாள். செக்பொயின்டில் எல்லாரையும் இறக்கினார்கள். அவளுடைய பையிலிருந்த பம்புகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஆமிக்காரப் பையன், "மே மொகக்த?" இது என்ன, என்றான். "ஹுஸ்ம கன்ன," மூச்சு விட, என்று அவள் வாயில் வைத்துக் காட்டினாள். அவன் முகம் இளகியது. தன் அம்மாவுக்கும் இருக்கிறது என்று சிங்களத்தில் சொல்லி, பையை அவனே மூடிக் கொடுத்தான். மிச்ச வழியெல்லாம், நோபர்ட்டிடம் எப்படிச் சொல்வது என்று ஜன்னலில் தலை சாய்த்து யோசித்துக்கொண்டே வந்தாள். சொன்னால் அந்த நேரம் போய்விடும். சொல்லாவிட்டால் அவனே போய்விடுவான்.

அவள் வருவதை முதலாளி கடைக்குப் போன் பண்ணி அறிவித்திருந்தாள். வீட்டில் வெந்நீர் தயாராக இருந்தது. முழுகிவிட்டு வந்தபோது தணலும் கூடையும் பாயும் தயார். நோபர்ட்டின் உள்ளங்கையில் தேன் நிறச் சாம்பிராணிக் கட்டி.

"படு. ஈரம் சொட்டுது பாரு."

அவள் படுக்கவில்லை. அவன் கையை மெதுவாக மூடினாள்.

"இது வேணாங்க. எனக்கு இதுதான் ஆகல்ல. அங்க புகை இல்ல, இழுப்பும் இல்ல. டாக்டரும் சொல்லிட்டாரு."

அவன் கூடையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அப்ப, இவ்வளவு நாளும் நாந்தானா?"

"நீங்க இல்ல. புகை."

"போடுறது நாந்தானே."

மூடிய அவன் கையை அவள் இன்னும் இறுகப் பிடித்தாள்.

"மூச்சு அடைக்கிறப்ப ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, கொறற்றி."

"அப்பல்லாம் அடைக்காது. மறுநாள்தான். அழகம்மா போட்ட புகையிலதான் எனக்கே வெளங்கிச்சி." அவள் குரல் தாழ்ந்தது. "வெளங்கினதுக்கு அப்புறமும் சொல்ல மனசு வரல்ல. வாரத்துல அந்த நேரம்தானே எனக்கு."

நோபர்ட் தணல் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்கதவால் வெளியே போனான். நெடுநேரம் வரவில்லை. அவனுக்குக் கோபமோ என்று அவள் எழுந்து போய்ப் பார்த்தாள். கோடிப்புறத்தில், கொய்யா மரத்துக்கு அப்பால் வெயில் விழும் இடத்தில், பாயை உதறி விரித்துக்கொண்டிருந்தான். கையில் அடுப்படியில் அரிசி புடைக்கிற சுளகு, கழுவித் துடைத்தது.

"இங்க வா. காத்து நானே போடுறேன்."

அவள் சாய்ந்தாள். முடியை அவன் துவாயின்மேல் விரித்தான். ஒரு கை சுளகை வீச, மறு கை ஈர முடியைப் பிரித்துக்கொண்டே போனது. வீசும் காற்றில் முடி எழுந்து எழுந்து தாழ்ந்தது, தண்ணீருக்கு அடியில் பாசி அசைவது போல. வாசனைதான் இல்லை. மற்றதெல்லாம் இருந்தது.

மார்ஜரி பின்கதவில் வந்து நின்றாள். "அரிசி புடைக்கிற சுளகுல பொண்டாட்டி முடியக் காயப் போடுறவன இப்பத்தான் பாக்குறேன்."

"தண்ணியில குத்தமில்லயாம்க்கா. நாம போட்ட புகைதானாம்."

மார்ஜரி கொறற்றியின் மார்பு ஏறி இறங்குவதையே கவனித்தாள். பிறகு உள்ளே போய், மாதா படத்தின் கீழே கிடந்த சாம்பிராணிப் பொட்டலத்தையும் எடுத்து வந்து தம்பியிடம் நீட்டினாள்.

"இதையும் கடைக்குப் போறப்ப முதலாளிகிட்டயே குடுத்துடு. கை வலிச்சா கூப்பிடு, நானும் வீசுறேன்."

அந்தி சாய்ந்தபோது நோபர்ட் மண்ணிறப் பம்பைக் கொண்டுவந்தான். அவள் இழுத்து மூச்சைப் பிடித்துக்கொள்ள, அவன் அவள் தோளில் விரலால் தட்டித் தட்டி எண்ணினான். கீழே ரோட்டில் இரத்தோட்டைக்குப் போகும் கடைசி பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அவன் எண்ணி முடிக்கும்வரை அவள் மூச்சை விடவில்லை.