அஞ்சுகம் பெயருக்கு வந்த மெசேஜ்

மணிவேலுக்கு வலது தோள்பட்டையிலிருந்து விரல்நுனி வரை மரத்துக் கிடந்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் அம்மா அஞ்சுகத்தால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. இரவெல்லாம் அந்தத் தோளில்தான் அவளைச் சாய்த்துப் பிடித்திருந்தான். இப்போது அதே கையில், அவள் உடலை வைக்க வந்த பிரீசர் பெட்டியின் ஒரு முனை. வலைக்குவியலும் மீன் பெட்டிகளும் அடைத்துக் கிடந்த சந்துக்குள் வேன் வராது என்று டிரைவர் தெருமுக்கிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான்.

"மாப்ள, நீ விடு. நான் புடிச்சிக்கிறேன்" என்றான் எதிர்முனையிலிருந்த கருப்பையன்.

"பேசாம தூக்குடா."

கருப்பையன் மணிவேலோடு ஒரே படகில் தொழிலுக்குப் போகிறவன். விடிந்ததிலிருந்து அவன் உட்காரவில்லை. பந்தலுக்குக் குழி தோண்டினான், நாற்காலி இறக்கினான், டீ கேனைத் தூக்கிக்கொண்டு திருப்பட்டினத்துக்கும் இங்கும் அலைந்தான். எல்லாம் செய்தான், மணிவேலின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

ஊரில் சாவு விழுந்தால் பிணம் எடுக்கும்வரை பட்டினச்சேரியில் யாரும் கடலில் இறங்குவதில்லை. ஆம்பளைகள் எல்லாரும் தெருவில்தான் இருந்தார்கள். அவர்கள் ஒதுங்கி வழிவிட, பெட்டி வீட்டுக்குள் போனது.

பெஞ்சிலிருந்து அம்மாவைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்தபோது கனமே இல்லை. தலையில் மீன் கூடையோடு காரைக்கால் தெருவெல்லாம் நடந்த உடம்பு. சேலை விலகி, இடது பக்கத்துக் கட்டு தெரிந்தது. அப்பா கண்ணையன் அவசரமாக முந்தானையை இழுத்துவிட்டார். ஊதுவத்தியைக் கட்டுக்கட்டாகக் கொளுத்தியும் புண்ணின் வாடை அடங்கவில்லை. அது வீட்டில் எல்லாருக்கும் பழகிப்போன வாடை. வந்தவர்கள்தான் மூக்கைப் பொத்தாமல் இருக்கச் சிரமப்பட்டார்கள்.

அம்மாவோடு மீன் விற்கப் போகும் காசியம்மா பெட்டியின் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தாள். "இதுல ஐஸ் பத்தாதுன்னு இவ எந்திரிச்சிச் சண்டைக்கு வருவா பாரு. ஐஸ்காரன அவ விட்டதே கெடையாது." சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனவள், அப்படியே வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு குனிந்தாள்.

அக்கா காவ்யா கிளிஞ்சல்மேட்டில் வாழ்க்கைப்பட்டவள். பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது குரல் போய்விட்டது.

"அம்மா கடேசி வரைக்கும் கேட்டுச்சே… எல்லாத்துக்கும் வந்துச்சாமே, எனக்கு மட்டும் வரலையேன்னு கேட்டுச்சே…"

மணிவேல் வாசலுக்கு வந்துவிட்டான்.

அம்மா அவனிடமும் கேட்டிருந்தாள். போன வருசம், மழை முடிந்த சமயம். சுகாதார நிலையத்து நர்ஸ் அமீர் நிஷா வீடு வீடாக வந்து முப்பது வயதைத் தாண்டிய பெண்கள் பெயரை எழுதிப் போனாள். மெசேஜ் வரும், வந்ததும் வாங்க என்று சொல்லியிருந்தாள். அம்மாவுக்குப் போன் கிடையாது. ரேஷன் கார்டுக்கும் பேங்குக்கும் கொடுத்த நம்பரையே இதற்கும் கொடுத்தாள். அது மணிவேலின் நம்பர்.

"மணி, நர்ஸம்மா மெசேஜ் வந்துச்சாடா?"

"ஒண்ணும் வரலம்மா."

"சரி. பேரு சேரலபோல."

அதற்குமேல் அவள் கேட்க மாட்டாள். மீன்பிடித் தடைக்காலப் பணமாக இருந்தாலும் புயல் நிவாரணமாக இருந்தாலும் மெசேஜ் வந்தவர்கள் பேங்குக்குப் போவார்கள். வராதவர்கள், இந்தத் தடவை நமக்கு இல்லை என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். கேட்டுப் போய் நிற்பது கௌரவக் குறைச்சல். காசியம்மாவும் மற்றவர்களும் ஆட்டோ பிடித்துப் பரிசோதனைக்குப் போன அன்று அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மார்பில் கட்டி இருந்தது அப்போதே அவளுக்குத் தெரியும். மீன் சுமக்கும் அன்னக்கூடையை விலாவில் இடுக்கி இடுக்கி ரத்தம் கட்டிப்போயிருக்கும் என்று எண்ணெய் தடவிக்கொண்டாள்.

மெசேஜ் வந்திருந்தது.

படகில் ஒரு வழக்கம் உண்டு. கரையை நெருங்கி டவர் கிடைத்ததும் போன் மொத்தமாகக் கத்தும். காற்று எச்சரிக்கை இருக்கும் என்பதால், கை ஈரமில்லாத யாராவது ஒருவன் பிளாஸ்டிக் பையிலிருந்து போனை எடுத்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படிக்க வேண்டும். அன்றைக்கு மணிவேலின் போனைக் கருப்பையன் எடுத்தான். எழுத்துக்கூட்டித்தான் படிப்பான்.

"அன்புள்ள அஞ்சுகம்… உங்கள் மா… மார்… மார்பக…"

எஞ்சின் சத்தத்தையும் மீறிப் படகு சிரித்தது. பின்னால் இருந்த ஒருவன், "இன்னொரு தரம் படிடா, காதுல விழல" என்றான். பாதியில் நிறுத்தத் தெரியாமல் கருப்பையனும் சிரித்தான். மணிவேல் போனைப் பிடுங்கினான். அவன் கழுத்து வரை சூடேறியிருந்தது. நாலு பேர் நடுவில் தன் அம்மா சேலையில்லாமல் நின்றதுபோல இருந்தது. மெசேஜை அழித்தான். அந்த நம்பரிலிருந்து இனி எதுவும் வராதபடி பிளாக் பண்ணினான்.

வீட்டுக்குப் போய் அந்தச் சொல்லை அம்மா முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? ஒண்ணும் வரலம்மா என்பது சுலபமாக இருந்தது.

வெயில் ஏறிய பிறகு அமீர் நிஷா வந்தாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பெட்டி அருகே நின்றாள். குனிந்து காவ்யாவிடம் ஏதோ சொன்னாள். வெளியே வந்தபோது கண்ணையன் எழுந்து நின்றார். எஞ்சின் கயிறு அறுத்த காலை இழுத்து இழுத்து அவள் முன்னால் போனார்.

"இப்ப எதுக்கு வந்த? செத்துட்டாளான்னு பாக்கவா?"

"அண்ணே…"

"பேர எழுதிக்கிட்டுப் போனியே, கூப்புட்டியா? ஊரு பொம்பளையெல்லாம் கூப்புட்ட. இவ என்ன பாவம் பண்ணா? ஒரு வருசம் முன்னாடி வந்திருந்தா பொழச்சிருப்பாங்கன்னு பெரிய டாக்டர் சொல்றாரு. மீங்காரிதானேன்னு விட்டுட்டியா?"

"அனுப்புனோம்ண்ணே. ஒரு தடவ இல்ல, பல தடவ போயிருக்கு."

"பொய் சொல்லாத! புயலுன்னா வருது, காசுன்னா வருது, இது மட்டும் காத்துல போயிடுமா?" கண்ணையன் திரும்பினார். "டேய் மணி, இங்க வா. ஊரு முன்னாடி சொல்லு. வந்துச்சாடா?"

மேளக்காரன் தப்புப் பறையை நெருப்பில் காய்ச்சுவதை விட்டுவிட்டுப் பார்த்தான். டீ கேனோடு நின்ற கருப்பையன் தரையைப் பார்த்தான்.

"வரலப்பா" என்றான் மணிவேல்.

அமீர் நிஷா அவனைப் பார்த்தாள். கொஞ்ச நேரம்தான். ஆனால் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தோன்றியது.

"நம்பர நான் தப்பா எழுதியிருப்பேன்ண்ணே" என்றாள். "ஆள் வரலன்னதும் நேர்லயாச்சும் வந்திருக்கணும். என் தப்புதான்."

"தப்பா? ஒரு உசுருடீ!"

பஞ்சாயத்தார் சிவக்குமார் எழுந்து வந்து கண்ணையனைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு அவளிடம், "நீங்க கெளம்புங்கம்மா. இனிமே இந்த ஊருக்குள்ள பேரு எழுதுறேன், ஊசி போடுறேன்னு வர வேணாம். ஆபீசுக்கும் எழுதிப் போட்டுடுறோம். வேற ஆள அனுப்பட்டும், இல்லாட்டி யாரும் வர வேணாம்" என்றார்.

அவள் செருப்பைப் போட மறந்து கையில் எடுத்துக்கொண்டு போனாள். மணல் கொதித்தது.

பிணம் எடுத்தார்கள். மணிவேல் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். சுடுகாட்டில் சொன்னதையெல்லாம் செய்தான். குளிக்கக் கடலில் இறங்கியபோது கருப்பையன் பக்கத்தில் வந்து நின்றான். இடுப்பளவு தண்ணீர்.

"நான் படிச்சிருக்கக் கூடாது மாப்ள."

"நீ படிச்ச. அவ்ளோதான்."

"அந்த நர்ஸம்மா பாவம்டா. அதுக்கும் கொழந்த குட்டி இருக்கும். நான் வேணா பஞ்சாயத்துல சொல்லட்டுமா?"

"எங்கம்மா விசயத்த நீ எதுக்குடா சொல்ற?"

"பின்ன நீ சொல்லு."

ஒரு அலை வந்து இருவர் தலைக்கும் மேலே போனது. மணிவேல் உப்பைத் துப்பிவிட்டுக் கரையேறினான்.

வீட்டில் பெட்டி இருந்த இடத்தில் விளக்கு எரிந்தது. கூட்டம் கலைந்துவிட்டது. கண்ணையன் சுவரோடு சாய்ந்திருந்தார். காவ்யா சிதறிக் கிடந்த பூவையும் அரிசியையும் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த நர்ஸம்மா என்கிட்ட ஒண்ணு சொன்னுச்சு" என்றாள் காவ்யா, துடைப்பத்தை நிறுத்தாமலே. "அம்மாவுக்கு இந்த நோவு வந்திருக்கதால நானும் பாத்துக்கணுமாம். சும்மா விடக் கூடாதாம். எனக்குத் தொணைக்கு அதுவே வருதாம்." கொஞ்சம் கூட்டினாள். "இனிமே அது எங்க வரப்போவுது."

"அவ ஒண்ணும் வரவேணாம்" என்றார் கண்ணையன்.

மணிவேல் ஈர வேட்டியோடு நின்றுகொண்டிருந்தான்.

"வந்துச்சுப்பா."

"என்னது?"

"மெசேஜ்."

துடைப்பம் நின்றது.

"படகுல படிச்சானுவ. சிரிச்சானுவ. நான் அழிச்சிட்டேன். திரும்ப வராதபடி அடைச்சும் வச்சிட்டேன்."

கண்ணையன் சுவரிலிருந்து முதுகை எடுத்தார். அடிப்பார் என்று நினைத்தான். அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தான்.

"என்ன போட்டிருந்துச்சு?"

"மார்பகப் பரிசோதனைக்கு வாங்கன்னு." அந்தச் சொல்லை அந்த வீட்டுக்குள் அவன் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

"டேய்… உங்கிட்ட அம்மா கேட்டுச்சேடா" என்றாள் காவ்யா. குரல் இல்லாததால் அது மூச்சு மாதிரிதான் வந்தது.

கண்ணையன் சுவரைப் பிடித்து எழுந்து ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தார். ஒரு கையை மட்டும் நுழைத்தார்.

"எங்கப்பா போற?" என்றான் மணிவேல்.

"அந்தப் பொம்பளைய ஊரு முன்னாடி மரியாதையில்லாம டீ போட்டுப் பேசிட்டேன்."

"தீட்டோட யாரு வீட்டுப் படி ஏறப்போற? கருமாதி முடியாம தெருவத் தாண்டக் கூடாது. உக்காரு" என்றாள் காவ்யா.

அவர் சட்டையை மாட்டவும் இல்லை, கழற்றவும் இல்லை. அப்படியே உட்கார்ந்தார்.

"பஞ்சாயத்தார இங்க கூப்புட்டு நான் சொல்லிடறேன்" என்றான் மணிவேல். "அந்தம்மா ஊருக்குள்ள வரட்டும்."

"சொல்லு. சிரிச்சானுவன்னியே, அதையும் சேத்துச் சொல்லு." கண்ணையன் விளக்கைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அது ஊருக்குச் சொல்றது. அந்த நர்ஸம்மாகிட்ட நேர்ல சொல்றது வேற."

காவ்யா மறுபடி கூட்டத் தொடங்கினாள். வாடிய செவ்வந்தியும் அரிசியும் கதவு ஓரத்தில் ஒரு சிறு குவியலாகச் சேர்ந்தன. அதை அள்ள மணிவேல் குனிந்தான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டுத் தானே அள்ளினாள்.

பதினாறாம் நாள் கருமாதி வரை அந்த வீட்டிலிருந்து யாரும் வெளியே போக முடியாது. அதுவரைக்கும் அமீர் நிஷாவுக்கு ஒரு மன்னிப்பு பாக்கி.