பச்சை விளக்கில் உறுமல்

எங்கள் வீட்டு முன்னறையில் நிற்கும் மின்சார ஆர்கன் வாத்தியம் என்னைவிட வயதானது. மூடிப்போன ஒரு தேவாலயத்திலிருந்து வாங்கி வந்தேன். அது வந்த நாள் முதல் உட்கார இடமில்லாமல் அப்பா அடுப்படியில் நின்றபடிதான் சாப்பிடுகிறார். "க்ளெனிஸ், இன்னொரு தடவ உன்னப் பாதியில அனுப்புனாங்கன்னா, இது விறகுக்குப் போயிரும்" என்று சொல்லிவிட்டார். சுரங்கத்தில் வேலை செய்கிற மனிதர், சொன்னால் செய்வார்.

இங்கிலாந்தில் எங்கள் ஊரான பார்ன்ஸ்லியின் தொழிலாளர் கிளப்புகளில் பிடிக்காத இசைக்குழுவை யாரும் திட்டுவதில்லை. இடைவேளையில் செயலாளர் வந்து கைகுலுக்குவார். அவ்வளவுதான், மூட்டையைக் கட்ட வேண்டியது. என் விஷயத்தில் குற்றம் உறுமல். அது இல்லாமல் எனக்கு வாசிக்கக் கை வராது. ஆர்கனின் ஒலிபெருக்கிக்குத் தாங்க முடியாத அளவு சத்தத்தைத் திணித்தால்தான் அதன் குரல் கரகரத்து உறுமும். ஆனால் அத்தனை சத்தம் வைத்தால் கிளப் சுவரில் சத்தத்தை அளக்கும் விளக்கு பச்சையிலிருந்து சிவப்பாகிவிடும். சிவப்பானால் மேடைக்கு மின்சாரம் கட். போன முறை அப்படி மின்சாரம் நின்றபோது, என் ஆர்கன் நோய்ப்பட்ட மாடு மாதிரி இழுத்து இழுத்து அடங்கியது. அன்றைக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அதற்குத்தான்.

இந்தச் சனிக்கிழமை தம்பி ட்ரெவருக்கு ஒரு யோசனை. பிங்கோ சீட்டாட்டத்தில் எண்களைப் பட்டப்பெயரோடு கூப்பிடுவதற்கென்று மேடை மேசைக்கடியில் ஒரு சின்ன ஒலிபெருக்கி இருந்தது. ஆர்கனை அதில் சொருகி, குமிழைக் கடைசிவரை திருகினான். பாவம், அது கொஞ்சச் சத்தத்துக்கே திணறியது. உறுமல் வந்தது, விளக்கோ பச்சையிலேயே நின்றது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

மூன்றாவது பாட்டின்போது செயலாளர் ஹெப்பிள்ஸ்டன் மேடையேறிக் கையைத் தூக்கினார். ஆர்கனில் கோளாறு, உறுப்பினர்கள் மன்னிக்க வேண்டும், பிங்கோவை இப்போதே வைத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார். கோளாறெல்லாம் இல்லை, அதன் சத்தமே அதுதான் என்றேன்.

"கண்ணு, எங்க வீட்டு வாஷிங் மெஷினும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றார்.

ட்ரெவர் வயர்களைச் சுருட்டத் தொடங்கினான். எனக்கு விறகுதான் கண்ணில் தெரிந்தது.

ஹெப்பிள்ஸ்டன் எங்கள் வயரைப் பிடுங்கிவிட்டுத் தன் மைக்கைச் சொருகினார். குமிழைப் பார்க்கவில்லை.

"ரெண்டு குண்டுப் பொம்பளைங்க, எண்பத்தெட்டு."

கிணற்றுக்குள்ளிருந்து பூதம் பேசியது போலிருந்தது. பிங்கோ நேரத்தில் அந்தக் கிளப்பில் இருமக்கூட ஆள் பயப்படும். அன்று முன்வரிசைப் பெண்கள் குடித்த பீரைத் துப்பிவிட்டுச் சிரித்தார்கள். அவர் மைக்கைத் தட்டினார், கனைத்தார். கனைப்பும் உறுமியது. அணைக்கப் போனவரை எட்னா என்ற பெரியம்மா அதட்டி நிறுத்தினாள்.

"அதத் தொட்டன்னா சீட்டக் கிழிச்சிருவேன், வில்ஃப்ரெட். இத்தன வருஷத்துல இன்னிக்குத்தான் உன் கொரலு ஆம்பளக் கொரலா இருக்கு."

அவர் கொஞ்சம் யோசித்தார். அடுத்த எண்ணை வேண்டுமென்றே அடித்தொண்டையில், இழுத்துச் சொன்னார். மனுஷன் அதை ரசிக்கிறார் என்பது எனக்கே தெரிந்தது.

பிங்கோ முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார். கோட்டு மாட்டி முடித்திருந்தேன். நானே கையை நீட்டினேன், சீக்கிரம் முடியட்டும் என்று.

அவர் கையைப் பிடிக்கவில்லை. "கோட்டக் கழட்டு. மிச்சத்தையும் வாசி. அடுத்த சனிக்கிழமையும் வந்திரு." பிறகு எட்னா பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தக் கோளாற மட்டும் சரி பண்ணிறாதம்மா."

அப்பா இன்னமும் நின்றபடிதான் சாப்பிடுகிறார்.