பூச்சாட்டும் ஐந்து சென்டிமீட்டரும்

மோகன்குமாரின் மார்பு போன ஆண்டு நான்கு சென்டிமீட்டர்தான் விரிந்தது. போலீஸ் வேலைக்கு ஐந்து விரிய வேண்டும். அந்த ஒரு சென்டிமீட்டருக்காகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த ஆண்டும் அழைப்புக் கடிதம் வந்திருந்தது. இதை விட்டால் வயது தாண்டிவிடும். அப்புறம் காக்கிச் சட்டையை அடுத்தவன் உடம்பில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

"ஒரு மாசம் ஒழுங்கா வந்தீன்னா அஞ்சென்ன, ஆறே விரியும்" என்று சோமனூர் உடற்பயிற்சிக் கூடத்துக்காரர் அடித்துச் சொன்னார். ஒழுங்காக வருவது! அதுதானே முடியவில்லை. சிங்காநல்லூர் மில்லில் அவனுக்கு எப்போதும் முழு நைட். காலை ஏழரைக்குச் சங்கு ஊதி, பஸ் பிடித்துச் சோமனூரில் இறங்கும்போது கூடத்துக் கதவில் பூட்டுத் தொங்கும். மறுபடி திறப்பது மாலை ஐந்துக்கு. அதற்குள் தூங்கி எழலாம் என்றால், அவன் ஊரில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. பக்கத்து வீட்டுத் தறி அடிக்கிற அடியில் தலைமாட்டுச் சொம்பே நகரும். கரண்ட் போனால்தான் ஊர் அடங்கும். அந்தப் பாழாய்ப்போன கரண்ட் மாலை ஐந்தரைக்குப் போய் எட்டு மணிக்குத்தான் வரும். அவன் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவான். எழும்போது கூடம் மறுபடி பூட்டியிருக்கும்.

ஒருநாள் பிடிவாதமாகப் போனான். பெஞ்சில் மல்லாந்து கம்பியை ஆறு முறை தூக்கினான். ஏழாவதில் கண் சொருகிவிட்டது. நெஞ்சின் மேல் கிடந்த கம்பியை இரண்டு பேர் சேர்ந்து தூக்கிவிட்டார்கள். கூடமே சிரித்தது. அவனுக்கு அழுகைதான் வந்தது.

மறுநாளே மில்லில் மாஸ்டர் ஐயாசாமியிடம் போய் நின்றான்.

"மாஸ்டருங்க, ஒரு பதனஞ்சு நாளைக்கு மட்டும் பகல் ஷிப்ட் போட்டுக் குடுங்க. போலீசு தேர்வுக்கு ஒடம்பு தேத்தோணுமுங்க."

"நைட்டெல்லாம் மிசினுக்கு மிசின் நடக்கறயே, அது பத்தாதா? கொளந்த குட்டிக்காரனெல்லாம் பகல் ஷிப்டுக்குத் தவங் கெடக்கறான். போய் வேலயப் பாரு."

எரிச்சலில் திரும்பியவனுக்கு வாயில் என்ன புகுந்ததோ தெரியவில்லை.

"இல்லீங்க, எங்கூர்ல பூச்சாட்டிருக்குதுங்க. ராத்திரி ஊரெல்லையத் தாண்டித் தங்கக் கூடாதுங்களே."

ஐயாசாமி பேனாவைக் கீழே வைத்தார். நெற்றியில் திருநீறு இல்லாமல் மில்லுக்குள் கால் வைக்காத மனிதர். மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குப் பூப்போட்டு நாள் குறித்து, பூச்சாட்டிவிட்டால், கோயில் முன் நட்ட கம்பத்தை விழா முடிந்து பிடுங்குகிற வரை ஊரார் வெளியில் இராத்தங்கக் கூடாது என்பது அவர் ஊருக்கும் கட்டுப்பாடு.

"அட, அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? நாளையிலிருந்து பகல் ஷிப்டுக்கு வா. ஆத்தா காரியத்துல நாம குறுக்க நிக்கப்படாது."

ஊரில் பங்காளிச் சண்டையால் இரண்டு வருடமாக நோம்பியே இல்லை. இந்த வருடமும் நடக்கப் போவதில்லை, யாருக்குத் தெரியப் போகிறது என்று மோகன்குமார் மனதைத் தேற்றிக்கொண்டான். பூச்சாட்டியவன் கவுச்சி தொடக் கூடாதென்று மில் கேண்டீனில் முட்டைப் பக்கமே தலைவைக்கவில்லை. அதற்கும் சேர்த்துக் கூடத்தில் ஆறு பச்சை முட்டை குடித்தான்.

அந்த நாட்கள் பொன்னான நாட்கள். விடிய ஐந்துக்குக் கூடம், பகலில் மில், ராத்திரி தறியெல்லாம் நின்றபின் ஆழ்ந்த தூக்கம். பன்னிரண்டாம் நாள் கூடத்துக்காரர் டேப் வைத்து அளந்தார். ஐந்தரை! மோகன்குமார் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அம்மா நஞ்சம்மாள் வாசல் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பங்காளிக ராசியாயிட்டாங்க கண்ணு. இன்னிக்கு ராத்திரி பூச்சாட்டறாங்க. நீ எங்கயும் போயிராத."

அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் வேலைக்கு நடுவே மாஸ்டர் அறைக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே பாலுசாமி நின்றுகொண்டிருந்தார். அதே ஊர்க்காரர், ஐம்பது வயது, நூல் நூற்கிற பிரிவில் முழு நைட். தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தார்.

"இவரும் பூச்சாட்டுன்னு பகல் ஷிப்ட் கேக்கறாரு" என்றார் ஐயாசாமி. "ஒரே ஊர்ல ஒரே மாசத்துல ரெண்டு தடவ பூச்சாட்டுவீங்களா?"

"நேத்துத்தானுங்க சாட்டுனாங்க, மாஸ்டருங்க!" பாலுசாமி பதறினார். "தம்பி, நீயே சொல்லு. நான் ஆத்தா பேருல பொய் சொல்லுவனா?"

மோகன்குமார் கணக்குப் போட்டான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் பகல் ஷிப்ட் அவனுக்கே. ஆனால் நேர்த்திக்கடன் வைத்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு சொல்றது நெசந்தானுங்க. நேத்துத்தானுங்க. நாந்தான் பொய் சொல்லிப்போட்டேன்."

ஐயாசாமி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "போலீசுக்குப் போறதுக்கு ஆத்தாளயா இழுத்தே?" என்று மட்டும் கேட்டார். பாலுசாமிக்குப் பகல் ஷிப்ட். பாலுசாமியின் முழு நைட் மோகன்குமாருக்கு, அன்றிலிருந்தே.

வெளியே வந்ததும் பாலுசாமி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "உனக்கு எப்பக் கண்ணு தேர்வு?"

"வார வியாழக்கெழம காலைல ஏழு மணிக்குங்க. புதன்கிழம நைட்டு மட்டும் எனக்குப் பதிலா யாராச்சும் வந்தாப் போதுமுங்க."

"நானே வருவனே சாமி! ஆனா..." அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவரால் ராத்திரி ஊரெல்லை தாண்ட முடியாது. ஊர்க்காரன் ஒருவனாலும் முடியாது. மில்லில் அவனுக்குப் பதில் நிற்க வேறு ஆளும் கிடையாது, மாஸ்டரிடம் லீவு கேட்க முகமும் இல்லை. அவனுக்கு யாரை வைவது என்றே தெரியவில்லை. தன்னையே வைதுகொண்டான்.

புதன்கிழமை அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே திருநீறு பூசி அனுப்பினாள். ஊரில் அத்தனை பேரும் எல்லைக்குள் படுத்திருக்க, அவன் ஒருவன் மட்டும் பஸ் ஏறினான். ராத்திரி முழுக்க நூல் அறுந்துகொண்டே இருந்தது, ஒட்டிக்கொண்டே இருந்தான். விடிய ஆறு மணிக்கு, தேர்வு நாளைப் பாலுசாமி சொல்லியிருப்பார் போல, ஐயாசாமியே வந்து, முகத்தைப் பார்க்காமல், "போ, நேரமாவுது" என்றார்.

மைதானத்தில் ஓட்டத்தில் தேறிவிட்டான். எப்படி ஓடினான் என்று அவனுக்கே தெரியாது. கயிறும் ஏறினான். கடைசியாக மார்பு. சாதாரணமாக நின்றபோது டேப் எண்பத்திரண்டு காட்டியது. எண்பத்தொன்றே போதும், தாராளம். இனி எண்பத்தேழுக்கு விரிய வேண்டும்.

"மூச்ச இழுத்துப் பிடி. ஒரே தடவதான்" என்றார் அளக்கிற ஏட்டு.

இழுத்தான். எண்பத்தைந்து. எண்பத்தாறு. விலா எலும்பு ஒவ்வொன்றாக விரிவது அவனுக்கே தெரிந்தது. எண்பத்தாறரை. இன்னும் அரைதான், இருக்கிறது, உள்ளே இடம் இருக்கிறது.

அப்போது தாடைக்குக் கீழே என்னவோ கூசியது. பல்லைக் கடித்தான். கண்ணில் நீர் முட்டியது. ராத்திரி முழுக்க அடக்கி வைத்திருந்த கொட்டாவி, ஊரே பார்க்கும்படி வாயைப் பிளந்துகொண்டு வந்தது. பிடித்த மூச்செல்லாம் அதோடு போயிற்று.

டேப் தொளதொளவென்று இடுப்பில் இறங்கியது. ஏட்டு அதைச் சுருட்டிக்கொண்டே அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்ப்பா, நைட்டு நல்லாத் தூங்கிட்டு வாரதுக்கென்ன?" என்றார். "அடுத்த ஆளு."