இருநூற்று நாற்பது கிராம்

ஷூவைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கையில் வைத்ததுமே அழகுமலைக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"பாப்பா, ஷூவை விட அட்டைப்பெட்டிதான் கனக்குது."

தங்கை ராதிகாவுக்கு அது தெரியும். ஒற்றை ஷூ இருநூற்று நாற்பது கிராம். சிமெண்ட் ஆலையில் அவள் வேலை பார்க்கும் லேபில், யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தராசில் வைத்து நிறுத்திருந்தாள். அண்ணன் பதினோரு வருடமாக சைட்டில் மாட்டிக்கொண்டு திரியும் சேஃப்டி ஷூ, முனையில் இரும்பு வைத்தது, இதைப்போல் மூன்று மடங்கு இருக்கும்.

அவளுடைய கம்பெனி அடுத்த மாதம் மலைப்பாதை ஓட்டம் ஒன்று நடத்துகிறது. ஜோடியாகத்தான் ஓட வேண்டும். வீட்டு ஆளையும் சேர்த்துக்கொள்ளலாம். அவளுக்கு ஓடப் பிடிக்கும். ஆனால் ஆபீசில் யாரிடமும் போய், என்னோடு வருகிறீர்களா என்று கேட்க வாய் வராது. துபாய்க்குப் பக்கத்தில் இந்த ராஸ் அல் கைமாவில் வீட்டு ஆள் என்று அவளுக்கு இருப்பது, லேபர் கேம்பில் தங்கியிருக்கும் இந்த அண்ணன் ஒருவன்தான். பெயர் கொடுக்க இன்றைக்குக் கடைசி நாள். ஷூ காலுக்குச் சரிப்பட்டால் வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தான். அதற்காகத்தான் ஞாயிறு லீவில், வெயில் ஏறும் முன்னே இருவரும் மலையடிவாரத்துக்கு டாக்சி பிடித்து வந்திருந்தார்கள்.

அழகுமலை ஓடத் தொடங்கினான். கனத்த ஷூவைத் தூக்கிப் பழகிய கால், இந்த லேசான ஷூவையும் அதே பலத்தோடு தூக்கியது. முழங்கால் நெஞ்சு வரைக்கும் வந்தது. ராதிகா சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். கொஞ்ச தூரத்தில் கால் தானாக அடங்கிவிட்டது. வளைவுகளில் ஷூவின் அடிப்பாகம் சரளைக்கல்லை இறுகப் பிடித்தது. திரும்பிப் பார்க்காமலே, பரவாயில்லை என்பதுபோல் கையை ஆட்டினான். அவளுக்கு நம்பிக்கை வந்தது.

பாதை பெரிய கற்களுக்கு நடுவே ஏறுகிற இடத்தில் அவன் நின்றான். அவன் வேலை கட்டிடங்களுக்குச் சாரம் கட்டுவது. ஏறுவதற்கு முன் சாரத்தின் அடித்தகட்டை ஓங்கி ஓர் உதை விடுவான். ஆடாமல் நின்றால்தான் மேலே கால் வைப்பான். மிதிக்கப்போகும் கல்லையும் அப்படியே உதைத்தான்.

கல் ஆடவில்லை.

அழகுமலை ஒற்றைக்காலில் இரண்டு சுற்று சுற்றி, அந்தக் கல் மேலேயே உட்கார்ந்துவிட்டான். ராதிகா பதறி வந்து ஷூவைக் கழற்றினாள். பெருவிரல் நகம் அதற்குள் கருக்கத் தொடங்கியிருந்தது. விரலை மடக்கச் சொன்னாள். மடங்கியது.

"கல்லு ஸ்ட்ராங்காத்தான் இருக்கு," என்றான் அவன், கண்ணில் நீரோடு. "ஏறலாம்."

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. வாயைப் பொத்திக்கொள்ளக்கூடத் தோன்றாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். முறைத்துக்கொண்டிருந்தவன் கடைசியில் தானும் சிரித்தான்.

சிரிப்பு அடங்கியதும்தான் எல்லாம் போச்சு என்று அவளுக்கு உறைத்தது. அவன் வாயால் கேட்க வேண்டாமென்று தானே முந்திக்கொண்டு, பெயர் கொடுக்கவில்லை, விட்டுவிடலாம் என்றாள்.

அழகுமலை விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, ஷூவைச் சாக்காக வைத்து வராமல் இருந்துவிடத்தான் நினைத்தேன் என்றான். அவள் ஆபீஸ் ஆட்கள் நடுவில் கேம்ப்காரன் ஒருவன் வந்து நின்றால் அவளுக்குத்தானே கூச்சம்.

"நீ இல்லாம அவங்க நடுவுல நிக்கிறதுதாண்ணே எனக்குக் கூச்சம்."

அவன் அவளையே பார்த்தான்.

"நீ இங்க வந்து நாலு வருசமாச்சு. நீ இப்படிச் சிரிச்சு இன்னைக்குத்தான் பாக்குறேன்," என்றான். "இன்னும் ஒரு மாசம் கெடக்குல்ல. வெரலு சரியாயிரும். பேரக் குடு."

அவள் போனை எடுத்து, அவன் மனசு மாறுவதற்குள் மளமளவென்று நிரப்பினாள். கடைசியில் டீ-ஷர்ட் சைஸ் கேட்டிருந்தது.

"எக்ஸெல் போடு," என்றான். "ஊருல அப்பாவுக்கு ஆகும்."

ராதிகா அவன் அளவுக்கு மீடியம் என்று போட்டாள். எட்டிப் பார்த்த அழகுமலை, கழற்றிய ஷூவை எடுத்து மெல்லக் காலில் மாட்டத் தொடங்கினான்.